வாயில்லா ஜீவனுக்கு நாம் எழுதும் வசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘எஜமானர் இறந்த துக்கத்தில் கண்ணீர் வடித்த காளை’, ‘கன்றைப் பிரிந்து கதறிய பசு’, ‘பழிதீர்க்கக் காத்திருந்த நாகம்’ என்ற வகைச் செய்திகளும் படங்களும் எல்லா நாளிதழ்களிலும் வருகின்றன. உங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல. விலங்குக்கும் மனசு உண்டு என்று மக்கள் நினைப்பதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் மனக்குறை வேறு. கால்நடை மருத்துவரின் கண்ணுக்கு அந்தப் படங்களில் பலவற்றில் தெரிவது கண்நோயும் வலியும் பயமும்தான். செய்தியைப் படித்தவர் தன் வீட்டு மாட்டின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்தாலும் ‘பாவம், என்னவோ நினைத்து அழுகிறது’ என்று கழுத்தைத் தடவிவிட்டுப் போகிறார். கருவிழியில் பூ விழுந்த பிறகுதான் மருந்தகத்துக்கு ஓட்டி வருகிறார்.

மாட்டின் கண்ணீருக்கு எங்களிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. முதலில் தூசி, புகை. சாவு வீட்டு வாசலில் கட்டியிருக்கும் காளையைச் சுற்றி வெடிப்புகை, ஊதுபத்திப் புகை, மேளச் சத்தம், கூட்டம், வெயில் எல்லாம் இருக்கும். கண் கலங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அடுத்தது தொழுவம். மூத்திரம் தேங்கி நிற்கும் தரையிலிருந்து எழும் அம்மோனியா நெடி இரவு முழுக்கக் கண்ணை அரிக்கும். கதிரின் சுணையோ வைக்கோல் துரும்போ இமைக்குள் சிக்கினால் அந்த ஒரு கண் மட்டும் வழியும். கண்புழு இன்னொன்று. ஈக்கள் கண்ணீரைக் குடிக்க வந்து உட்காரும்போது புழுவின் இளம்பருவத்தை விட்டுச் செல்கின்றன. கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமையை நிழலில் வைத்து மெல்ல விலக்கிப் பார்த்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் போல நெளியும். கண்ணைக் கழுவி எடுத்து, குடற்புழுவுக்குக் கொடுக்கும் வகை மருந்தையே மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

இவற்றில் அவசரமானது தொற்றுக் கண்நோய். மொராக்செல்லா என்ற பாக்டீரியாவை ஈக்கள் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றன. வெயிலும் தூசியும் கண்ணைப் புண்ணாக்கி அதற்கு வழி திறந்துவிடுகின்றன. முதல் நாள் மாடு ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும், வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கன்னத்தில் ஈரக்கோடு இறங்கும். படத்துக்கு இதைவிடச் சோகமான முகம் கிடைக்காது. இரண்டு மூன்று நாளில் கருவிழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தோன்றும். விட்டுவிட்டால் அது குழிப்புண்ணாகிப் பார்வையே போகலாம். முதல் நாளே மாட்டைத் தனியாக நிழலில் கட்டி, ஈயை ஒழித்து, மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் போட்டால் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிவிடும். உப்பையோ புகையிலைச் சாற்றையோ கண்ணில் விடும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது புண்ணின் மேல் இன்னொரு புண்.

பார்த்தவுடன் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறோம். ஒரு கண்ணில் மட்டும் நீர் வந்தால் கோளாறு அந்தக் கண்ணில். துக்கம் ஒரு கண்ணில் மட்டும் வராது. இரண்டு கண்ணும் வழிந்து, மூக்கும் ஒழுகி, தீனியும் எடுக்காமல் இருந்தால் உடம்புக்குள் நோய். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் இது இன்னும் முக்கியம். ஆட்டுக்கொல்லி நோய் இப்படித்தான் தொடங்கும்: 104 முதல் 106 டிகிரி வரை காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் முதலில் தெளிநீர், பிறகு கெட்டிச் சளி, வாய்ப்புண், கழிச்சல். ‘குட்டியை விற்றதிலிருந்து தாயாடு அழுதுகொண்டே இருக்கிறது’ என்று இரண்டு நாள் விட்டால் பட்டி முழுக்கப் பரவிவிடும். நான்கு மாத வயதில் தோலுக்கடியில் ஒரு மில்லி தடுப்பூசி போட்டால் மூன்று ஆண்டுக்குக் கவலையில்லை.

விலங்குக்குக் கண்ணீரே துக்கத்தோடு தொடர்பில்லாததா என்று கேட்பீர்கள். உணர்ச்சிவசப்பட்டு நீர் கோத்துக் கன்னத்தில் வழிய அழுவது, இன்றுவரை உறுதியாகத் தெரிந்த வரையில், மனிதருக்கு மட்டுமே உரியது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பல மணி நேரம் பிரிந்திருந்த உரிமையாளரைப் பார்த்ததும் நாய்களின் கண்ணில் ஈரம் கூடுவதை அளவுத்தாள் வைத்துக் கண்டார்கள். ஆனால் அது வழியவில்லை; காரணமும் மகிழ்ச்சி, துக்கமில்லை. முதலை உண்மையிலேயே தின்னும்போது கண்ணீர் விடுகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் முதலை இனத்தைச் சேர்ந்த ஏழு விலங்குகளைத் தரையில் வைத்துத் தீனி போட்டுப் படமெடுத்தபோது ஐந்தின் கண்ணில் நீர் கோத்தது, சிலவற்றுக்கு நுரைத்தது. இரைக்காக அவை வருந்தியதாக யாரும் சொல்லவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அப்படியானால் ஏன் நமக்கு அது அழுகையாகத் தெரிகிறது? இதற்கு நம் அறியாமையைக் காரணம் சொல்வது எளிது, சரியான விடை அதுவல்ல. 1944-ல் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு சின்னப் படம் காட்டினார்கள். இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் ஒரு பெட்டிக்குள்ளும் வெளியிலும் நகர்கின்றன, அவ்வளவே. என்ன பார்த்தீர்கள் என்று 34 மாணவிகளிடம் கேட்டார்கள். ஒரே ஒருவர்தான் ‘வடிவங்கள் நகர்ந்தன’ என்று எழுதினார். மற்றவர்கள் எல்லோரும் அவற்றை உயிருள்ளவையாகவே எழுதினார்கள்; பெரும்பாலோர் ஆட்களாகவே கண்டார்கள், பெரிய முக்கோணம் முரடனாகவும் வட்டம் பயந்த பெண்ணாகவும் தெரிந்தன. கோட்டுக்கே மனசு வைக்கும் மூளை, கண்ணும் மூக்கும் உள்ள பசுவை விட்டுவைக்குமா?

சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2007-ல் இந்தப் பழக்கத்துக்கு மூன்று ஊற்றுகளைச் சொன்னார்கள். ஒன்று, நமக்கு உள்ளிருந்து தெரிந்த மனசு நம்முடையது ஒன்றே. தெரியாத உயிரைப் புரிந்துகொள்ள அதைத்தான் அச்சாக எடுக்கிறோம். இரண்டு, அடுத்து இது என்ன செய்யும் என்று முன்கூட்டியே அறியும் தேவை. முட்ட வரும் மாட்டை ‘கோபமாக இருக்கிறது’ என்று படித்தவன் பிழைத்தான், ஆகவே இந்தப் பழக்கம் பல நேரம் பலனும் தருகிறது. மூன்று, தனிமை. பேச ஆளில்லாதவர்கள் வீட்டுப் பிராணியிடம் மனித மனதை அதிகமாகக் காண்கிறார்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதோடு முக அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. பெரிய தலை, தாழ்ந்து பெரிதான கண், உப்பிய கன்னம் என்றால் நமக்குள் குழந்தையைத் தூக்கும் கை எழுந்துவிடும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதினார். ஆந்தைக்குக் கிடைக்கும் இரக்கம் பல்லிக்குக் கிடைக்காதது இதனால்தான்.

நாயின் முகம் நம்மைக் கவர்ந்ததற்கு உடற்கூற்றுச் சான்றே இருக்கிறது. உள்புருவத்தை மேலே தூக்கும் ஒரு சிறு தசை நாய்களுக்கு உண்டு. அவற்றின் மூதாதை இனமான ஓநாய்க்கு அந்த இடத்தில் சில இழைகள்தான் இருக்கின்றன. 2019-ல் வெளியான ஆய்வு இது. அந்தத் தசை சுருங்கினால் கண் பெரிதாகி, மனிதர் துக்கத்தில் புருவம் உயர்த்துவது போலவே தெரியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படிப் பார்த்த நாய்க்கு நாம் ஒரு பிடி சோறு அதிகமாகப் போட்டிருப்போம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம்.

அதே முகம்தான் ‘குற்றவுணர்ச்சி’ என்ற தவறான தீர்ப்புக்கும் காரணம். செருப்பைக் கடித்த நாய் தலையைக் குனிந்து, காதை ஒடுக்கி, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். ‘செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது பாருங்க’ என்பார்கள். நியூயார்க்கில் நாய் நடத்தை ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளரிடம் மாற்றிச் சொல்லியும் பார்த்தார்கள். அந்த முகம் வந்தது நாய் தின்றதைப் பொறுத்து அமையவில்லை, உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே அமைந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. அது சமாதானக் கொடி. ‘அடிக்காதே’ என்பதற்கு நாய் மொழி. நடந்த சில நொடிகளுக்குள் கிடைக்கும் தண்டனையைத்தான் நாய் அந்தச் செயலோடு சேர்க்கும். மாலை ஆறு மணிக்கு விழும் அடி காலை பத்து மணிச் செருப்புக்குப் போய்ச் சேராது. வாசலில் நீங்கள் நுழைவதோடு சேரும். வீட்டில் ஆளில்லாதபோது மட்டும் கதவோரம் பிறாண்டி, எச்சில் ஒழுக்கி, பொருளைக் கடித்தால் அது பிரிவுப் பதற்றம். நீங்கள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கும். போனை ஒளிப்பதிவில் வைத்துவிட்டுப் போனால் தெரிந்துவிடும்.

பூனைக்கு நாம் எழுதும் வசனம்தான் உயிரையே வாங்குகிறது. ‘புதுக் குழந்தை வந்ததிலிருந்து பொறாமை, வேணும்னே மெத்தையில் மூத்திரம் போகுது’ என்ற பேச்சு எங்கள் மேசைக்கு வராத வாரமில்லை. கடுவன் பூனையின் மூத்திரக்குழாய் நுனியில் மிகக் குறுகலானது. படிகத் துகளும் சளியும் அடைத்துக்கொண்டால் பூனை அடிக்கடி குந்தும், முக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும் அல்லது போகாது, கத்தும், அந்த இடத்தையே நக்கும். முழு அடைப்பானால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகலாம். வயிற்றில் எலுமிச்சையைப் போலக் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அழுத்திப் பார்க்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. புது ஆள், புது வீடு, இன்னொரு பூனை ஆகியவற்றால் வரும் மன அழுத்தமே சிறுநீர்ப்பை அழற்சியைக் கிளப்பிவிடும் காரணங்களில் ஒன்று. அழுத்தம் உண்மை, பழிவாங்கல் நம் கற்பனை. முன்னதற்கு மருந்தும் தண்ணீரும் ஒளிந்துகொள்ள ஓரிடமும் தேவை. பின்னதற்கு மக்கள் கொடுப்பது துடைப்பக்கட்டை.

குரங்கு சிரிக்கிறது என்று குற்றாலத்திலும் கொடைக்கானலிலும் செல்ஃபி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாட்டுக் குரங்கு பல்லைக் காட்டுவது பயத்தால் அல்லது அடங்கிப் போவதற்காக, வாயைத் திறந்து புருவத்தை உயர்த்தி முறைத்தால் மிரட்டல். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அன்றே போக வேண்டும். சிறு பிள்ளைகள் உறுமும் நாயின் பல்லையும் சிரிப்பாகவே படிக்கிறார்கள் என்பதையும் பெற்றோர் மனதில் வைக்கலாம்.

பாம்புக்குப் பழி கிடையாது. ஆளை அடையாளம் வைத்துத் தேடிவரும் மூளையும் இல்லை. அடிபட்ட பாம்பு வெளியேற்றும் நாற்றச் சுரப்பு அந்த இடத்தில் தங்குவதால் இன்னொரு பாம்பு அங்கே வர வாய்ப்புண்டு, அவ்வளவே. கடிபட்டவனின் பிணம் எரியும் புகையை மரமேறிப் பார்க்கும் என்று பழி சுமக்கும் கொம்பேறி மூக்கனுக்கு மனிதரைக் கொல்லும் விஷமே இல்லை. அது மரமேறுவது ஓணானுக்காக. செத்த காக்கையைச் சுற்றிக் காக்கைகள் கரைவதையும் இழவு கூட்டம் என்கிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கக் காகங்களிடம் 2015-ல் பார்த்தது, செத்த காகத்தை ஏந்தி நின்ற ஆளை அவை நினைவில் வைத்து எச்சரித்துக் கரைந்தன, அந்த இடத்துக்கு இரையெடுக்க வரத் தயங்கின என்பது. அது ஆபத்தைப் பற்றிய பாடம். துக்கமும் கூட இருக்கிறதா என்பதற்கு அந்த ஆய்வு விடை சொல்ல முயலவில்லை.

கோயில் யானை தலையை ஆட்டி, காலை மாற்றி மாற்றி வைத்து அசைவதைப் பக்திப் பரவசம் என்று படம் போடுகிறார்கள். ஒரே தாளத்தில், பாட்டு நின்ற பிறகும் தொடரும் அந்த ஆட்டம் சங்கிலியிலும் சிமென்ட் தரையிலும் நீண்ட நேரம் நிற்கும் யானைக்கு வரும் நடத்தைக் கோளாறு. நடக்க விட்டால், மண் தரை கொடுத்தால், தழையைப் பல இடத்தில் சிதறிப் போட்டால் குறையும். அதன் கன்னத்தில் ஈரம் எப்போதும் இருக்கும். கண்ணீரை மூக்குக்குள் வடிக்கும் நாளம் யானைக்குக் கிடையாது. யானையின் மனநிலையை அறியப் பாகர்கள் பார்ப்பது காதையும் வாலையும். விசிறிக்கொண்டிருந்த காது சட்டென்று நின்று, வாலும் விறைத்தால் எட்டி நிற்கச் சொல்வார்கள். நூறு கவிதையை விட அந்த ஒரு வரி பயனுள்ளது.

கிடாவெட்டில் ஆட்டின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அது உடம்பை உதறினால் சம்மதம் கிடைத்ததாகக் கொள்வார்கள். வழிபாட்டைப் பற்றிப் பேச இது இடமில்லை. உதறல் எப்படி வருகிறது என்பது மட்டும் தெரியும்: மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள ஒருவகைத் தொடு நரம்புகள் கழுத்திலும் முதுகிலும் ஈரம் பட்டதும் அதைத் தூண்டுகின்றன என்று 2024-ல் எலிகளில் காட்டினார்கள். மழையில் நனைந்த நாயும் அதையேதான் செய்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு ‘அப்போ மாட்டுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று யாராவது முடிவு கட்டினால் அது முந்தையதைவிடப் பெரிய தப்பு. அந்த நினைப்பில்தான் மரப்பு ஊசி இல்லாமல் கன்றின் கொம்புக்குருத்தைச் சுடுகிறார்கள். கனடாவில் 2013-ல் கன்றுகளுக்கு ஒரு நிறத் திரையைத் தொட்டால் பால் கிடைக்கும், வேறு நிறத்தைத் தொட்டால் கிடைக்காது என்று பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் இடைப்பட்ட நிறத்தைக் காட்டினார்கள். கொம்புக்குருத்தைச் சுட்ட பிறகு அதே கன்றுகள் இடைநிறத்தை நம்பிப் போவது குறைந்தது. வலி அவற்றின் எதிர்பார்ப்பையே இருட்டாக்கிவிட்டது. கண்ணீரைப் பார்த்து ஊகிக்காமல் விலங்கின் மனதை அளப்பது என்றால் இதுதான். கடைக்கண்ணுக்கும் கொம்படிக்கும் நடுவில் இருபக்கமும் இரண்டு சதவீத லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் போட்டு, பத்து நிமிடம் பொறுத்து, வலிமருந்தும் கொடுத்துச் செய்வது எந்தக் கால்நடை மருந்தகத்திலும் முடிகிற காரியம்.

தாய்மையும் அப்படித்தான். திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மணியடித்ததைக் கதை என்று விட்டாலும் தேடல் கதையில்லை. கன்றைப் பிரித்த பசு ஒன்றிரண்டு நாள் விடாமல் கத்தும், வேலியோரம் நடக்கும், அசைபோடுவது குறையும். சேர்ந்திருந்த நாள் கூடக் கூடப் பிரிவின் கலக்கமும் கூடும். கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோல் அடைத்துக் காட்டிக் கறக்கும் வழக்கம் இந்தப் பாசத்தின் மேல்தான் நிற்கிறது. நாட்டு மாடுகளுக்குக் கன்றின் மணமும் நக்கலும் இல்லாமல் சுரப்பு விடாது. மடியைத் தொட்டதும் மூளை ஆக்ஸிடோசின் என்ற பால் இறக்கும் ஹார்மோனை விடும், ஒன்றரை நிமிடத்துக்குள் பால் இறங்கும், ஐந்தாறு நிமிடத்தில் அதன் வேகம் போய்விடும். ‘மாடு வேணும்னே பாலை ஒளிக்குது’ என்பதும் நம் வசனமே. அடி, புது ஆள், நாய் குரைப்பு எதுவானாலும் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்த இறக்கத்தைத் தடுத்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் மடியை அரை நிமிடம் துடைத்துத் தடவி, அதே ஆள், அதே நேரம், முன்னால் கொஞ்சம் அடர்தீவனம் என்று வைத்தால் வைக்கோல் கன்று இல்லாமலே பழகும் மாடுகள் நிறைய. ஊசி போட்டுச் சுரக்க வைப்பது விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவின் கீழ் தண்டனைக்குரியது.

மாட்டின் வலியைப் படிக்கக் கண்ணீர் வேண்டாம். இரை விலங்கு என்பதால் ஆள் கிட்டே போனதும் அது நிமிர்ந்து நின்று மறைத்துவிடும். ஆகவே பத்தடி தள்ளி ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். காது பின்னால் சாய்ந்தோ இரண்டு பக்கமும் தொங்கியோ இருக்கிறதா, கண்ணுக்கு மேல் தசை இறுகியிருக்கிறதா, மூக்குத்துளை விரிந்திருக்கிறதா, தலை முதுகுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா, பல்லை நறநறக்கிறதா என்று பார்க்கலாம். இடது வயிற்றுக்குழியில் கை வைத்தால் இரண்டு நிமிடத்தில் மூன்று முறையாவது அசைவு தெரிய வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோட வேண்டிய மாடு அசைபோடாமல் நின்றால், கண் வறண்டு கிடந்தாலும் அது கஷ்டத்தில் இருக்கிறது.

உங்கள் நிருபர்களிடம் நாங்கள் கேட்பது சிறிய காரியம். ‘அழுதது’ என்று எழுதும் முன் ஒரு கண்ணா இரண்டு கண்ணா, தீனி எடுத்ததா, அசைபோட்டதா என்று உரிமையாளரிடம் கேட்டு, உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் படத்தைக் காட்டுங்கள். கண்ணில் நீர் வழிந்தது என்றால் அப்படியே எழுதுங்கள். துக்கமா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும். அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால் அதன் கீழே ஒரு வரி இடம் ஒதுக்கி, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வீட்டுக்கே அழைக்கும் 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஊரகக் கால்நடை மருந்தகங்களில் பணிபுரியும் மருத்துவர்கள் சிலர்,
நாமக்கல் மாவட்டம்.